விவாகரத்தில் சொத்து எப்படிப் பிரியும், கடன் யார் தலையில் விழும்?

கேள்வியின் சாரம் இது. பல வருட மணவாழ்க்கை முறிகிறது. வீடு இருவர் பெயரில், வீட்டுக் கடனும் இருவர் பெயரில். கணவர் பெயரில் மட்டும் கிரெடிட் கார்டு பாக்கியும் ஒரு தனிநபர் கடனும் இருக்கின்றன. மனைவி கல்யாணத்துக்கு முன்பே சேர்த்து வைத்திருந்த பணம் வீட்டுக்கு முன்பணமாகப் போயிருக்கிறது. யாருக்கு எது சேரும், எந்தக் கடனை யார் அடைக்க வேண்டும்?

குடும்ப வழக்குகளுக்குச் சொத்துக் கணக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சொத்தையும் கடனையும் ஒரே மாதிரி நினைத்துவிடாதீர்கள். வீடோ வங்கிக் கணக்கோ யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எப்போது வந்தது, எந்தப் பணத்தில் வந்தது என்றுதான் பார்க்கும். கடன் கொடுத்தவருக்கோ பெயர்தான் எல்லாமே. கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் உடன்பாடு எழுதியவர்கள்தான், பிரிந்து பல வருடம் கழித்தும் பழைய கடனுக்காக வங்கியிலிருந்து போன் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

சொத்திலிருந்து ஆரம்பிப்போம். எந்த நாட்டுச் சட்டமானாலும் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றில் அடங்கிவிடும்.

கூட்டுச் சொத்து முறை ஒன்று. மணவாழ்க்கையில் இருவரில் யார் சம்பாதித்தாலும் அது இருவருக்கும் பாதிப் பாதி. கல்யாணத்துக்கு முன்பு இருந்தது, வாரிசாக வந்தது, ஒருவருக்கு மட்டும் அன்பளிப்பாகக் கிடைத்தது ஆகியவை தனிச்சொத்து. பிரான்ஸில் 1966 முதல், வேறு ஒப்பந்தம் எழுதாத தம்பதிகளுக்கு இதுதான் விதி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் உட்பட ஒன்பது மாநிலங்கள் இந்த வழியில் போகின்றன. அதிலும் கலிஃபோர்னியா கறாராகப் பாதி என்கிறது. டெக்சாஸ் நியாயமாகப் பட்டதைச் செய்ய நீதிபதிக்கு இடம் விடுகிறது. இந்தியாவில் கோவாவில், 1867ஆம் ஆண்டுப் போர்த்துகீசியச் சிவில் சட்டத்தின் தொடர்ச்சியாக, இதே போன்ற முறை இருக்கிறது.

இரண்டாவது, நியாயப் பங்கீடு. நீதிபதி எல்லாவற்றையும் பார்த்து எது நியாயம் என்று முடிவு செய்வார். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவின் மற்ற மாநிலங்கள் எல்லாம் இந்த வகை. நீதிபதியின் இஷ்டம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2000ஆம் ஆண்டு கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, சம்பாதித்தவருக்கும் வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கும் இடையில் பாகுபாடு கூடாது, சமபங்கிலிருந்து விலகினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. சிங்கப்பூரில் 2015 முதல் கிட்டத்தட்ட ஒரு சூத்திரமே இருக்கிறது. நேரடியாகப் போட்ட பணத்தின் விகிதம் ஒரு பக்கம். குடும்பத்துக்காக உழைத்ததன் விகிதம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சராசரி எடுத்துப் பிறகு சூழ்நிலைக்கேற்ப ஏற்றி இறக்குவார்கள். ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்ட கால மணவாழ்க்கை என்றால் இந்தச் சூத்திரம் இல்லத்தரசிக்கு அநியாயமாகிவிடும் என்று அங்கேயே உணர்ந்து, 2017இல் அத்தகைய வழக்குகளுக்கு அதை விலக்கிவிட்டார்கள். எனக்கு அது மிகவும் சரியான முடிவாகப் படுகிறது.

மூன்றாவது, வளர்ச்சியைப் பங்கிடுவது. ஜெர்மனியும் கனடாவின் ஒன்டாரியோவும் இப்படி. சொத்துகள் அவரவர் பெயரிலேயே இருக்கும். கல்யாணத்தன்று உங்களிடம் என்ன இருந்தது, முடியும்போது என்ன இருக்கிறது, வித்தியாசம் எவ்வளவு என்று இருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, அதிகம் வளர்ந்தவர் குறைவாக வளர்ந்தவருக்கு அந்த இடைவெளியில் பாதியைக் கொடுப்பார். எண்களை லட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் சொத்து 20இல் தொடங்கி 100இல் முடிந்தால் வளர்ச்சி 80. மற்றவர் 50இல் தொடங்கி 70இல் முடித்தால் 20. இடைவெளி 60, கொடுக்க வேண்டியது 30. கல்யாணத்தன்று கடனோடு வந்தவர் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜெர்மனியில் 2009 செப்டம்பர் வரை தொடக்கச் சொத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே எழுத முடியாது. 30 கடனோடு வந்தவர், துணையின் உதவியோடு அதை அடைத்துப் பூஜ்யத்தில் முடித்தால், அவர் எதுவும் வளரவில்லை என்று கணக்கு சொன்னது. இப்போது கழித்தல் குறியோடு எழுதலாம். அந்த 30-உம் வளர்ச்சியாகவே எண்ணப்படும்.

நான்காவது, பங்கீடே இல்லாத முறை. கோவா போன்ற ஓரிரு இடங்கள் நீங்கலாக இந்தியா இந்த வகை. யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொத்து. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம். திருமணத்தின்போது இருவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பொருட்களைப் பற்றி 27ஆவது பிரிவில் உத்தரவு வாங்கலாம். சீதனமாக வந்த நகையும் பொருளும் பெண்ணுக்கே முழு உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் கணவர் பெயரில் வாங்கிய வீட்டில் மனைவிக்குப் பங்கு என்று ஒரு பொதுச் சட்டம் கிடையாது. அப்படி ஒரு மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவை கலைந்ததும் காலாவதியாகிப் போனது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அது விவாகரத்து வழக்கு இல்லைதான். இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

சரி, கேள்வியில் உள்ள முன்பணத்துக்கு வருவோம். அது 20 என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்பே மனைவியிடம் இருந்த அந்தப் பணம் வீட்டுக்குள் போய்விட்டது. வீடு இப்போது இரட்டிப்பு விலை. அந்த 20 திரும்ப வருமா?

கலிஃபோர்னியாவில் வரும், ஆனால் 20 ஆகவே வரும். தனிப்பணத்தைக் கூட்டு வீட்டில் போட்டவர் போட்டதை எடுத்துக்கொள்ளலாம். வட்டியும் இல்லை, விலை ஏற்றத்தில் கூடுதல் பங்கும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கணக்குப் புத்தகத்தால் நிரூபிக்க வேண்டும். ஜெர்மனியில் அந்த 20 அவருடைய தொடக்கச் சொத்தில் ஏறும். பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தியும் எழுதுவார்கள். ஒன்டாரியோவில் கல்யாணத்தன்று அது வங்கியில் பணமாக இருந்திருந்தால் கழித்துக்கொள்ளலாம். அதே 20 கல்யாணத்தன்று ஒரு வீடாக இருந்து, பிரியும் வரை அந்த வீட்டிலேயே குடும்பம் வாழ்ந்திருந்தால் கழிக்க முடியாது. குடும்பம் வாழும் வீட்டுக்கு அங்கே அந்தக் கழிவுச் சலுகை கிடையாது. வீட்டோடு கல்யாணத்துக்கு வருபவர்கள் இதைத் தெரிந்துகொள்வதே பிரியும்போதுதான். சிங்கப்பூரில் வீடு முழுவதும் பங்கிடும் சொத்தாகிவிடும், ஆனால் அந்த 20 மனைவியின் நேரடிப் பங்களிப்பாக விகிதத்தை உயர்த்தும். இங்கிலாந்திலோ, குடும்பம் வாழ்ந்த வீட்டில் யார் எவ்வளவு போட்டார் என்ற பேச்சு பெரும்பாலும் எடுபடாது.

ஒரே 20தான். ஐந்து ஊர்களில் ஐந்து விதமாக முடிகிறது. அதனால் பக்கத்து வீட்டாருக்கு நடந்தது, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு நடந்தது என்று கேள்விப்பட்டதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

தனிச்சொத்தைத் தனியாகவே வைத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. தனிப்பணம் கூட்டுக் கணக்கில் விழுந்து, சம்பளத்தோடு கலந்து, அதிலிருந்து பள்ளிக் கட்டணமும் மளிகைச் செலவும் போக ஆரம்பித்துவிட்டால், எந்தப் பணம் யாருடையது என்று பிரித்துக் காட்டுவது பாலில் கலந்த தண்ணீரைத் தேடுகிற வேலை. நிரூபிக்கும் சுமை, தனிச்சொத்து என்று சொல்பவருக்கே. பத்து பதினைந்து வருடத்துக்கு முந்தைய வங்கி அறிக்கைகளைப் பல வங்கிகள் வைத்திருப்பதும் இல்லை. இப்போதே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

எந்தத் தேதியில் கணக்கை நிறுத்துவது என்பதும் பெரிய விஷயம். கலிஃபோர்னியாவில் பிரிந்த நாளோடு கூட்டுச் சம்பாத்தியம் நின்றுவிடும். நியூயார்க்கில் வழக்கு தொடுத்த நாள். ஜெர்மனியில் மனு எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்த நாள். ஒன்டாரியோவில் இனி சேர வாய்ப்பில்லை என்று பிரிந்த நாள். இங்கிலாந்தில் பெரும்பாலும் விசாரணை நெருங்கும்போது உள்ள மதிப்பு. வழக்கு மூன்று வருடம் இழுத்தால், அதற்குள் வரும் போனஸும் ஏறும் பங்கு விலையும் எந்தப் பக்கம் விழும் என்பது இந்த ஒரு தேதியில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் தனித்தனி அறையில் வாழ்ந்த மாதங்கள் பிரிந்த காலமா இல்லையா என்று மட்டுமே நாள் கணக்கில் வாதாடிய வழக்குகள் உண்டு.

இனி கடன். எனக்கு அதிகம் சொல்ல வேண்டியது இங்கேதான்.

நீதிமன்றம் கடனையும் பங்கிடும். பெரும்பாலும் கேட்கும் கேள்வி: எதற்காக வாங்கியது? குடும்பத்துக்காக என்றால், ஒருவர் பெயரில் இருந்தாலும் இருவரின் சுமை. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், இருவரின் நன்மைக்காக வாங்கிய கடன்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. ஒருவர் சூதாட்டத்துக்கோ, வேறொரு உறவுக்கோ செலவழித்த கடன் பெரும்பாலும் அவர் தலையிலேயே கட்டப்படும். படிப்புக் கடன், படித்தவரோடு போகும். கலிஃபோர்னியாவில் சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது, ஏனென்றால் அந்தப் படிப்பால் வரப்போகும் சம்பளமும் அவரோடுதான் போகிறது. ஆகவே கேள்வியில் உள்ள கணவரின் கிரெடிட் கார்டு அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவமனை, குளிர்சாதனப் பெட்டி என்றிருந்தால் மனைவியும் ஒரு பங்கு ஏற்க வேண்டி வரலாம். பிரிந்த பிறகு போட்ட செலவுகள் வேறு கதை. அந்தத் தேதியில் ஒரு கோடு கிழித்துக் கூட்டுங்கள்.

ஆனால் இதெல்லாம் உங்கள் இருவருக்கும் இடையில் மட்டும்தான். கடன் கொடுத்தவர் உங்கள் வழக்கில் ஒரு தரப்பு கிடையாது. அவருக்கு உங்கள் தீர்ப்பு பொருந்தாது. இருவரும் கையெழுத்துப் போட்ட வீட்டுக் கடனில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அர்த்தம், வங்கி முழுப் பாக்கியையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்; பாதிதான் என் பங்கு என்று நீங்கள் சொல்ல முடியாது. ‘இனி கடனைக் கணவர் கட்டுவார்’ என்று தீர்ப்பில் இருந்தும் அவர் கட்டாவிட்டால், வங்கி மனைவியிடம் வரும், அவருடைய கடன் மதிப்பெண் விழும். அவர் முன்னாள் கணவர் மேல் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டும். கட்டாதவரிடம் பணம் இருந்தால்தானே வசூல்?

இதிலிருந்து தப்பும் வழிகள் மூன்று. வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பது ஒன்று. வீட்டை வைத்துக்கொள்பவர் தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழையதை முடிப்பது இன்னொன்று. வங்கியிடமிருந்து, இன்னாரைக் கடனிலிருந்து விடுவித்தோம் என்று எழுத்தில் வாங்குவது மூன்றாவது; இதற்கு வங்கிகள் லேசில் சம்மதிப்பதில்லை, இருவர் சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த கடனை ஒருவர் சம்பளத்தில் நிறுத்த அவர்களுக்கு மனம் வராது. பத்திரத்திலிருந்து பெயரை நீக்கிவிட்டால் கடனிலிருந்தும் நீங்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது மிக மோசமான நிலை: வீடும் உங்களுடையது இல்லை, கடன் மட்டும் உங்களுடையது. இது நடப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கையெழுத்தைத் தள்ளிப் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அதனால் உடன்பாட்டில் எழுதும் வாசகம் முக்கியம். ‘வீடு மனைவிக்கு, கடனையும் மனைவியே கட்டுவார்’ என்று நிறுத்தினால் கணவருக்கு ஆபத்து. இப்படி எழுதச் சொல்லுங்கள்: இத்தனை மாதத்துக்குள் மனைவி தன் பெயரில் மறுகடன் வாங்கிப் பழைய கடனை முடிக்க வேண்டும், அந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் வீடு விற்பனைக்கு வரும், விற்கும் வரை தவணை யார் கட்டுவது, கட்டிய ரசீதை எப்போது காட்டுவது, தவறினால் மற்றவருக்கு வரும் நஷ்டத்தை எதிலிருந்து ஈடு செய்வது. பத்திர மாற்றமும் மறுகடனும் ஒரே நாளில் நடக்கட்டும். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, விவாகரத்தின் மூலம் வீடு துணைக்கு மாறும்போது அதையே காரணம் காட்டி வங்கி முழுக் கடனையும் உடனே கேட்க முடியாது என்கிறது. வீட்டில் இருப்பவருக்கு இது நல்ல பாதுகாப்பு. வெளியேறியவரின் கையெழுத்து மட்டும் கடன் பத்திரத்தில் அப்படியே நிற்கும்.

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். வீடு 100, கடன் 60, நிகரம் 40. பாதிப் பாதி என்றால் வீட்டை வைத்துக்கொள்பவர் மற்றவருக்கு 20 கொடுத்துவிட்டு, 60 கடனையும் தனியே சுமக்க வேண்டும். அதாவது 80க்கு அவரிடம் வசதி இருக்க வேண்டும். பிள்ளைகள் பழகிய வீடு என்ற பாசத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் வீட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு வருடத்தில் தவணை கட்ட முடியாமல் அவசரத்துக்கு விற்பவர்கள் உண்டு. வீட்டுக்காகச் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் விட்டுக்கொடுத்திருந்தால் இழப்பு இரட்டிப்பு. வீடு 100, கடன் 110 என்றால் பிரிக்க வேண்டியது 10 நஷ்டம். அதையும் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். யாரும் எதுவும் பேசாமல் விட்டால் வட்டி பேசிக்கொண்டே இருக்கும்.

கையெழுத்துப் போடாதவரையும் கடன் தொடக்கூடிய இடங்கள் சில உண்டு. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் அன்றாடக் குடும்பத் தேவைக்காக ஒருவர் செய்த செலவுக்கு மற்றவரும் பொறுப்பாகலாம். வருமானத்துக்கு மீறிய பெரிய செலவுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவின் கூட்டுச் சொத்து மாநிலங்களில் ஒருவரின் கடனுக்காகக் கூட்டுச் சொத்தைக் கடன்காரர் தொடலாம். அமெரிக்காவில் இருவரும் சேர்ந்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், பிறகு வரும் வரிப் பாக்கிக்கும் இருவரும் பொறுப்பு. ஏமாற்றப்பட்டவருக்கு விலக்குக் கேட்க வழி உண்டு, ஆனால் கேட்க வேண்டும்.

முன்னாள் துணை திவால் மனு போட்டால்? அமெரிக்காவில் ஜீவனாம்சமும் பிள்ளைகளுக்கான பராமரிப்பும் திவாலில் கரையாது. சொத்துப் பங்கீட்டில் ஒப்புக்கொண்ட தொகைகள் ஒரு வகைத் திவாலில் நிற்கும், தவணை முறையில் அடைக்கும் இன்னொரு வகையில் கரைந்துபோகலாம். அந்த ஆபத்து தெரிந்தால், ‘நான் உன் கார்டு கடனைக் கட்டுகிறேன்’ என்ற வாக்கை விட, அந்தத் தொகையை வீட்டு விற்பனைப் பணத்திலிருந்தே கழித்து அன்றே அடைப்பது மேல்.

அப்புறம், பெற்றோர் கொடுத்த பணம். கல்யாணம் நன்றாக இருக்கும்போது அது உதவி. முறியும்போது அது கடனாகிவிடும், அதுவும் எழுத்தில் எதுவும் இல்லாமல். நீதிமன்றங்கள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வட்டி பேசியிருக்கிறார்களா, எப்போதாவது தவணை கட்டியிருக்கிறார்களா, கேட்டு ஒரு கடிதமாவது இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால், சட்டப்படி கடனாகவே இருந்தாலும், அப்பா மகனிடம் வழக்குப் போட்டு வாங்கப் போவதில்லை என்று சொல்லி இங்கிலாந்து நீதிபதிகள் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுவதுண்டு. உண்மையிலேயே கடன் என்றால், கொடுத்த அன்றே ஒரு பக்கக் காகிதம் போதும்.

கடன் இன்னும் வளராமல் தடுப்பது இன்று மாலையே செய்யக்கூடியது. கூட்டுக் கார்டையும் கூடுதல் கார்டையும் நிறுத்துங்கள். இருப்புக்கு மேல் எடுக்க விடும் ஓவர்டிராஃப்ட் வரம்பை மூடுங்கள். கூட்டுக் கணக்கிலிருந்து இருவர் ஒப்புதல் இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது என்று வங்கிக்கு எழுதுங்கள். உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். எந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டோம் என்பதே பலருக்கு அதில்தான் தெரிய வருகிறது. ஆனால் கோபத்தில் கூட்டுக் கணக்கைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். வீணடித்த பணத்தை இன்னும் உங்கள் கையில் இருப்பதாகவே எழுதிப் பங்கிலிருந்து கழிக்க நீதிமன்றத்தால் முடியும். அதைவிட, உங்கள் மற்ற பேச்சுகளையும் நீதிபதி நம்ப மாட்டார்.

சொத்தை மறைப்பதற்கும் அதே பதில். நாணயமாக முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. இந்தியாவில் 2020இல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று படிவத்தோடு உத்தரவிட்டது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல், தன் நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டை மறைத்த கணவரோடு மனைவி செய்துகொண்ட உடன்பாட்டையே திறந்துவிட்டது. பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதம் இல்லை.

மதிப்பிடுவதில் வரியை மறக்காதீர்கள். கையில் 50 ரொக்கம், மற்றவருக்கு 50 மதிப்புள்ள பங்குகள் என்றால் சமம் போலத் தெரியும். அந்தப் பங்குகளை 10க்கு வாங்கியிருந்தால், விற்கும் நாளில் 40 லாபத்துக்கு வரி கட்டப்போவது அவர்தான். அமெரிக்காவில் விவாகரத்தின்போது மாற்றும்போது வரி இல்லை, ஆனால் பழைய வாங்கிய விலையும் கூடவே வந்துவிடும். பிரிட்டனில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு, பிரிந்தவர்கள் வரியில்லாமல் மாற்றிக்கொள்ளக் கூடுதல் அவகாசம் கிடைத்திருக்கிறது. தொழில் நடத்துபவரின் நிறுவனத்துக்குத் தனியாக ஒரு மதிப்பீட்டாளர் வேண்டும். இருவரும் சேர்ந்து ஒருவரையே வைத்துக்கொண்டால் செலவு பாதி.

ஓய்வூதியம் பலர் மறக்கும் சொத்து. வீட்டுக்கு அடுத்தபடி பெரியது பெரும்பாலும் அதுதான். ஜெர்மனி 1977 முதலும் இங்கிலாந்து 2000 டிசம்பர் முதலும் அதைப் பிரிக்கின்றன. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனியார் நிறுவன ஓய்வூதியத் திட்டத்துக்குத் தனியாக ஒரு நீதிமன்ற உத்தரவு போக வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பில் ‘பாதி’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது; திட்ட நிர்வாகி அந்த உத்தரவை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். தீர்ப்போடு வழக்கறிஞரின் வேலை முடிந்துவிட்டதாக எண்ணி இந்த உத்தரவை எடுக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன் எழுதிய ஒப்பந்தம் இருந்தால் கணக்கு மாறும். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் அது சாதாரணம். இங்கிலாந்தில் 2010 தீர்ப்புக்குப் பிறகு, இருவரும் புரிந்து விருப்பத்தோடு கையெழுத்திட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, அநியாயமாக இல்லாத வரை. பிள்ளைகளின் பராமரிப்பை அதில் விட்டுக்கொடுத்திருந்தால் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்படாது.

காலக்கெடுவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்டாரியோவில் விவாகரத்து ஆன இரண்டு வருடம் அல்லது பிரிந்த ஆறு வருடம், எது முந்துகிறதோ அதற்குள் பங்கு கேட்டாக வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று தள்ளிப்போட்டால் உரிமையே போய்விடும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம், வங்கி வைப்பு ஆகியவற்றில் நியமனதாரர் (நாமினி) பெயரை மாற்றுவது. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மனைவி விவாகரத்தின்போதே கணவரின் சேமிப்புத் திட்டத்தில் தனக்கு உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கணவர் நிறுவனத்தின் படிவத்தில் பெயரை மாற்றாமலே இறந்துபோனார். பணம் படிவத்தில் இருந்த முன்னாள் மனைவிக்கே கொடுக்கப்பட்டது. அப்படிக் கொடுத்தது சரி என்றது நீதிமன்றம். தீர்ப்பு கைக்கு வந்த வாரத்திலேயே ஒவ்வொரு திட்டத்துக்கும் புதுப் படிவம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.